துப்பாக்கியோடு உள்ளே வராதே என்று ஆஸ்பத்திரி வாசலில் பலகையா?

நாகர்கோவிலில் இருந்து அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டாலஸ் பக்கம் நர்ஸாக வரப்போகும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வேலையில் சேர்ந்ததும் முடிக்க வேண்டிய பயிற்சிகளில், துப்பாக்கிச் சூடு நடந்தால் என்ன செய்வது என்று ஒரு வகுப்பு இருக்கிறது. அதைப் பார்த்ததில் இருந்து அம்மா போகவே வேண்டாம் என்கிறார். ஆஸ்பத்திரிக்குள்ளுமா சுடுவார்கள்?"

சுட்டிருக்கிறார்கள் தம்பி. அம்மாவிடம் மறைக்காதீர்கள், எப்படியும் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். 2022 ஜூன் 1 அன்று ஓக்லஹோமாவின் டல்சாவில், முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் வலி தீராத ஒரு நோயாளி, அன்றைக்கே வாங்கிய துப்பாக்கியோடு வந்து தன் சர்ஜனையும் இன்னும் மூன்று பேரையும் கொன்றார். அதே வருடம் அக்டோபரில் டாலஸிலேயே, காதலியின் பிரசவத்துக்கு வந்த ஒருவர் சுட்டதில் ஊழியர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் சுட்டவர் வழியில் போனவர் இல்லை. ஒருவர் நோயாளி, இன்னொருவர் பார்க்க வந்தவர். வாசலில் நிறுத்திக் கேட்டாலும் உள்ளே போகக் காரணம் சொல்லியிருப்பார்கள்.

நான் ஹூஸ்டனில் எமர்ஜென்சியில் 14 வருடமாக இருக்கிறேன். உள்ளே குண்டுச் சத்தம் கேட்டதில்லை. துப்பாக்கி மட்டும் நிறையப் பார்த்திருக்கிறேன். வந்த புதிதில் நெஞ்சுவலியோடு ஒரு பெரியவர் வந்தார். பூட்ஸைக் கழற்றினால் உள்ளே சின்னக் கைத்துப்பாக்கி. "ஸாரி மேம், மறந்தே போயிட்டேன்" என்றார். நம் ஊர் ஆட்கள் சட்டைப் பையில் வண்டிச் சாவி கிடப்பதை மறப்பார்களே, அந்த மாதிரி. நான் எடுத்து ஓரமாக வைக்கலாம் என்று கை நீட்டினேன். பக்கத்தில் நின்ற சீனியர் என் கையைத் தட்டிவிட்டார். எங்கள் இடத்தில் விதி இதுதான்: தொடாதே, விலகி நில், செக்யூரிட்டியைக் கூப்பிடு. அவர்கள் எடுத்துப் பூட்டி வைத்து, டிஸ்சார்ஜ் ஆகும்போது திருப்பிக் கொடுப்பார்கள்.

தலைப்பில் சொன்ன அந்தப் பலகை விஷயத்துக்கு வருகிறேன். 2021 செப்டம்பரில் இருந்து டெக்சஸில் 21 வயது தாண்டியவர், சட்டம் தடுக்காத ஆளாக இருந்தால், லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடக்கலாம். ஆஸ்பத்திரிக்குள் தடை உண்டு. ஆனால் இப்போதும் லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பவர் மேல் அந்தத் தடை செல்ல வேண்டுமானால் முறைப்படி அறிவித்திருக்க வேண்டும். அதனால்தான் வாசலில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஒவ்வொரு எழுத்தும் குறைந்தது ஓர் அங்குல உயரத்தில், சட்டம் சொன்ன அதே வாசகம். வேடிக்கை என்னவென்றால், லைசென்ஸ் உள்ள ஊழியர் தன் காரில் துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டு வேலைக்கு வருவதை முதலாளி தடுக்க முடியாது. அது 2011 சட்டம். கதவில் தடை, பார்க்கிங்கில் அனுமதி. எனக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கிறது. கூட வேலை செய்யும் ஒரு பெண்ணோ, நைட் ஷிப்டுக்கு இருட்டில் தனியாக வந்து போகிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும் என்பாள். இன்னும் எங்கள் சண்டை முடியவில்லை.

சரி, பயிற்சி. சுடுகிறவன் உள்ளே இருந்தால் என்ன செய்வது என்பது ஒரு பாதி. ஓடு, ஒளிந்துகொள், வேறு வழியே இல்லையென்றால் எதிர்த்துப் போராடு என்று 2012-ல் ஹூஸ்டன் மாநகராட்சி ஒரு வீடியோ எடுத்தது. நாடு முழுக்க அதைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். ஆபீஸுக்கு அது போதும். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை விட்டு நர்ஸ் எங்கே ஓடுவது? நகர்த்த முடியாத நோயாளிகள் இருக்கும் இடத்தில் கதவை அடை, அவர்கள் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிரு, கடைசியில் போராடு என்று 2018-ல் சில டாக்டர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்கள் யூனிட்டில் எந்தக் கதவு உள்ளே இருந்து பூட்டும் என்று கேளுங்கள். சுடுகிறவன் வந்தால் ஒலிபெருக்கியில் என்ன சொல்வார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். பல இடங்களில் அது 'கோட் சில்வர்'. முதல் தடவை காதில் விழுந்தபோது யாருடைய வெள்ளிக் கொலுசோ காணவில்லை என்று நினைத்தேன்.

இன்னொரு பாதி, வெளியே எங்கேயோ சுட்டு, அடிபட்டவர்கள் உங்களிடம் வருவது. 2017 அக்டோபர் 1 இரவு லாஸ் வேகஸில் ஓர் இசை விழாவில் சுட்டபோது, அங்கே சன்ரைஸ் ஆஸ்பத்திரிக்கு மட்டும் 200 பேருக்கு மேல் வந்தார்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் கிடைத்த காரில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். வென்டிலேட்டர் போதாமல், ஏறக்குறைய ஒரே உடல்வாகு உள்ள இரண்டு பேரை ஒரே மெஷினில் இணைத்திருக்கிறார்கள். இதற்காகத்தான் ஒத்திகை. எங்கள் ஒத்திகை ஒன்றில் நான் காயம்பட்டவளாக நடித்தேன். கையில் பச்சை அட்டை, அதாவது காத்திருக்கலாம். அப்படியே மறந்துவிட்டார்கள், ஒன்றரை மணி நேரம். டாக்டர்கள் தயார், ரத்தம் தயார். ஆனால் பெயர் தெரியாதவர்களுக்கு கம்ப்யூட்டரில் நம்பர் போடும் இடத்தில்தான் எல்லாம் முட்டி நின்றது. அதற்குப் பிறகு அவர்களுக்கான தற்காலிகப் பெயர்களை கம்ப்யூட்டரில் முன்கூட்டியே போட்டு வைக்க ஆரம்பித்தார்கள்.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு குத்து, இரண்டு கடி, கணக்கில்லாத கீறல். எல்லாம் போதையில் இருந்தவர்களும் நினைவு தடுமாறிய முதியவர்களும் கொடுத்தது. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் எச்ஆரிடம் கேட்க வேண்டியது இவைதான்: இரவில் உங்கள் மாடிக்கு செக்யூரிட்டி வர எத்தனை நிமிஷம், அவசர பட்டன் கழுத்தில் மாட்டும் அட்டையில் இருக்கிறதா சுவரிலா, நோயாளி அடித்தால் புகார் எழுதிக் கொடுக்கும் நர்ஸை என்ன செய்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.