பொறிவண்டு விட்டும் மாவுப்பூச்சி குறையவில்லையே!

கேள்வி: சுருளிப்பட்டியில் ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டை இரண்டு முறை வாங்கிப் பந்தலில் விட்டேன். நன்மை செய்யும் பூச்சிக்குக் கெடுதல் இல்லை என்று கடையில் சொன்னதால் புப்ரோபெசின் என்ற பூச்சிமருந்தும் அடித்தேன். மஞ்சள் ஒட்டு அட்டையும் கட்டியிருக்கிறேன். ஒரு வண்டையும் காணோம். இப்போது பெரிய வெள்ளைப் புழு வேறு கொத்தில் ஊர்கிறது. அதற்கு என்ன மருந்து? இன்னும் எத்தனை வண்டு விட வேண்டும்?

பதில்: அந்தப் புழுவுக்கு மருந்து தேடாதீர்கள். குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, நீள நீளமான மெழுகு இழையோடு, தொட்டதும் விறுவிறுவென்று ஓடினால் அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொறிவண்டின் குஞ்சு. பார்வைக்கு மாவுப்பூச்சி மாதிரியே இருப்பதால் எத்தனையோ பேர் அதன்மேல் மருந்தடித்துவிடுகிறார்கள்.

கொடிக்கு 10 வண்டு போதும். ஆனால் உங்கள் தோட்டத்தில் எண்ணிக்கையா குறை? புப்ரோபெசின் வளர்ந்த வண்டைக் கொல்லாது. கடைக்காரர் அதை வைத்துத்தான் சொல்கிறார். பூச்சி சட்டை உரிப்பதைத் தடுக்கிற மருந்து அது. வண்டின் குஞ்சும் சட்டை உரித்துத்தானே வளர வேண்டும்? வண்டையும் விற்று, அதன் வாரிசை அழிக்கும் மருந்தையும் விற்பவரிடம் யோசனை கேட்காதீர்கள். மஞ்சள் அட்டையை இன்றைக்கே இறக்குங்கள். பெண் மாவுப்பூச்சிக்குச் சிறகே கிடையாது, அது அட்டைக்கு வராது. பறக்கிற வண்டுதான் போய் ஒட்டும்.

நீங்கள் கேட்க மறந்தது எறும்பை. மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் கறவை மாடு போலக் காவல் காக்கும். வண்டையும் குஞ்சையும் கடித்து விரட்டும். எறும்பு ஏறுகிற பந்தலில் ஆயிரம் வண்டு விட்டாலும் வீண் என்பேன். தண்டில் டேப் சுற்றி, டேப்பின் மேல் மட்டும் கிரீஸ் தடவுங்கள், பட்டையில் படக்கூடாது. தண்டோடு நிறுத்தினால் எறும்பு கல்தூண் வழியாக ஏறும். அதனால் தூணுக்கும் இழுகம்பிக்கும் தடவுங்கள். தரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள். தூசி படிந்தால் அதன்மேல் எறும்பு நடந்துபோகும், ஆகவே வாரம் ஒருமுறை பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். கவாத்து (கிளை வெட்டுதல்) முடிந்ததும் உதிரும் பட்டையை உரித்து எரித்துவிடுங்கள். மாவுப்பூச்சி அதற்குள்தான் பதுங்குகிறது.

எறும்பு ஏறுவது நின்ற பிறகு, மாவுப்பூச்சியின் வெள்ளை முட்டைப்பை தெரிகிற கொடிகளாகப் பார்த்து மாலையில் வண்டை விடுங்கள். தாய் வண்டு அந்தப் பையில்தான் முட்டையிடும். அப்புறம் ஒரு மாதம் எந்த மருந்தும் வேண்டாம்.