பட்டாணி ஊறிய தண்ணீர் பச்சையாகிறதே, சமைக்கலாமா?

கேள்வி: காய்ந்த பச்சைப் பட்டாணியை இரவில் ஊறவைத்தேன். காலையில் தண்ணீர் நல்ல பச்சையாக இருந்தது. நாலைந்து முறை கழுவிவிட்டேன். இனி சமைக்கலாமா? போன வாரமும் இதைத்தான் சாப்பிட்டோம்.

பதில்: வேண்டாம், கொட்டிவிடுங்கள். எத்தனை முறை கழுவினாலும் மேலே இருப்பதுதான் போகும். ஊறும்போது உள்ளே இறங்கிய சாயம் அங்கேயேதான் இருக்கும்.

பட்டாணியின் இயல்பான பச்சை, இலையில் இருக்கும் அதே பச்சையம்தான். அது எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால் நல்ல பட்டாணி ஊறிய நீர் லேசான மஞ்சளாக, கொஞ்சம் கலங்கி, நுரையோடு இருக்கும். தண்ணீர் பளீரென்று பச்சையானால் யாரோ சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் அது மாலக்கைட் கிரீன், துணிக்குப் போடும் சாயம். போன வாரம் சாப்பிட்டதை நினைத்துப் பதற வேண்டாம். தொடர்ந்து உடம்பில் சேருவதுதான் கவலைக்குரியது.

ஏன் இதைச் செய்கிறார்கள்? வெயிலும் ஈரமும் பட்டால் பட்டாணி வெளுத்துவிடும். வெளுத்ததை யாரும் வாங்க மாட்டார்கள். விளைவித்தவர் பெரும்பாலும் இதற்குப் பொறுப்பில்லை. நடுவில் மூட்டையைக் கைமாற்றும் ஆட்கள்தான் வெளுத்த சரக்குக்கு நிறமேற்றிப் புதுசாக்குகிறார்கள். இயற்கையான பட்டாணியில் சில மணி வெளிறியும் சில மணி அடர்ந்தும் இருக்கும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலப் பளபளத்தால் வாங்காதீர்கள். இன்னொரு ஏமாற்று, காய்ந்ததை ஊறவைத்து ‘இப்போதுதான் உரித்தது’ என்று உதிரியாக விற்பது. கடித்துப் பாருங்கள். இனிப்பே இல்லாமல் மாவாக இருக்கும், சிலவற்றில் முளைகூட எட்டிப் பார்க்கும். பச்சைப் பட்டாணி வேண்டுமென்றால் தோலோடு வாங்கி நீங்களே உரியுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். டப்பாவில் அடைத்த பட்டாணியின் நீரும் பச்சையாக இருக்கலாம். சில நாடுகளில் அதற்கு டார்ட்ரசின், பிரில்லியண்ட் புளூ ஆகிய நிறமிகளை அளவோடு சேர்க்க அனுமதி உண்டு. டப்பாவில் அடைக்கும்போது கொதிக்கிற சூட்டில் பச்சையத்திலுள்ள மக்னீசியம் விலகி, பட்டாணி மங்கலான ஆலிவ் நிறத்துக்கு மாறிவிடும். அதை மறைக்கத்தான் இந்த நிறமிகள். லேபிளில் பெயரோ 102, 133 என்ற எண்களோ இருக்கும். இருந்தால் அது கலப்படம் ஆகாது. பிடிக்கவில்லையென்றால் வாங்காமல் விடலாம், அவ்வளவுதான். உதிரியாக அள்ளிப் போடும் பட்டாணிக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்கு லேபிளே இல்லையே!

அடுத்த முறை வாங்கியதும் ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் பாருங்கள். நிறம் இறங்கினால் மீதியை நனைக்காமல் ரசீதோடு எடுத்து வையுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுத்தால், ஊறிய பட்டாணியை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிடக்கூடும். மாதிரி ஆய்வகத்துக்குப் போய் முடிவு வருவதற்குள் அந்த மூட்டை முழுக்க விற்றுத் தீர்ந்திருக்கும், அது வேறு கதை. இருந்தாலும் கொடுங்கள்.