அக்கா பதில்கள்: ஓ பாசிட்டிவ் வீட்டுக்காரரும் மூணு அடுப்பும்

"அக்கா, எங்க வீட்டுக்காரர் ஜிம்முக்குப் போறார். உங்க ப்ளட் குரூப் ஓ, கறி மீனுதான் உங்களுக்கு, கோதுமையும் பாலும் தொடாதீங்கன்னு அங்க யாரோ சொல்லிட்டாங்க. அத்தை ஏ, அதனால அவங்க சைவமா மாறணுமாம். மாமா பி, அவருக்குக் கோழி ஆகாதாம், பால் தயிர் ஒத்துக்குமாம். விடிஞ்சா மூணு அடுப்பு எரியுது. இதுல பக்கத்து வீட்டு அக்கா வேற, ஏ-வுக்கும் பி-க்கும் எப்படிடீ ஓ பொறந்துச்சுன்னு கேட்டுட்டுச் சிரிக்கறாங்க."
– பேர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

மொதல்ல ரெண்டு அடுப்ப அணைங்க கண்ணு, கேஸ் விக்கற வெலைல.

நான் இருபத்தாறு வருஷம் லேப்ல ரத்தம் பாத்தவ, அதனால ப்ளட் குரூப்னா என்னன்னு கண்ணால பாத்ததையே சொல்றேன். வெள்ளை டைல்ல மூணு சொட்டு ரத்தம் வெப்போம், ஒண்ணுல நீலக் கலர் மருந்து, ஒண்ணுல மஞ்சள், மூணாவதுல தண்ணியாட்டம் நெறமே இல்லாதது. குச்சில கலக்கி டைல லேசா ஆட்டுனா, ஏ குரூப்னா நீலச் சொட்டுல ரத்தம் பால் திரிஞ்ச மாதிரி துணுக்குத் துணுக்கா கட்டிக்கும், பி-ன்னா மஞ்சள்ல கட்டும், ஓ-ன்னா ரெண்டுமே வழவழன்னு அப்படியே கெடக்கும். மூணாவது சொட்டு பாசிட்டிவா நெகட்டிவான்னு பாக்கறதுக்கு. சிவப்பணு மேல குட்டிக் குட்டியா சர்க்கரை வால் ஒட்டியிருக்கு, ஏ-க்கு நுனில ஒரு வகை, பி-க்கு வேற ஒரு வகை, ஏபி-க்கு ரெண்டும், ஓ-க்கு நுனில ஒண்ணும் ஒட்டல, அவ்வளவுதான் வித்தியாசம். 1901ல ஆஸ்திரியாக்காரர் கார்ல் லேண்ட்ஸ்டைனர் இந்த ப்ளட் குரூப்புகள கண்டுபுடிச்சதாலதான் ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தருக்கு ஏத்துனா ஏன் சில சமயம் ஆள் செத்துப்போறாங்கன்னு புரிஞ்சுது, 1930ல நோபல் குடுத்தாங்க. யார்கிட்ட ரத்தம் வாங்கலாம்னு சொல்றதுக்குத்தான் அது, எந்தக் கடைல கறி வாங்கலாம்னு சொல்றதுக்கு இல்ல.

இந்த டயட் கதை 1996ல அமெரிக்கால பீட்டர் டி'அடாமோன்னு ஒரு நேச்சுரோபதிக்காரர் எழுதின புத்தகத்துல இருந்து கெளம்புனது. ஓ-தான் ஆதி வேட்டைக்காரன் ரத்தம், விவசாயம் வந்தப்புறம் ஏ வந்துச்சு, மாடு மேய்ச்சவங்களுக்கு பி வந்துச்சுன்னு கதை. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஜீனைப் பிரிச்சுப் பாத்தா ஓ-ங்கறது ஏ ஜீன்ல ஒரே ஒரு எழுத்து விட்டுப்போனதால வந்தது, அதாவது ஏ மூத்தது, ஓ இளையது. ஏ, பி ரெண்டும் மனுஷனுக்கு முன்னாடியே குரங்கு வகைல இருக்கு, அதுங்க எந்த வயல உழுதுச்சாம்?

அந்தப் புத்தகத்துல ஒரு விஷயம் மட்டும் பாதி நெஜம், அதையும் சொல்லிடணும். பருப்பு பயறுல லெக்டின்னு ஒரு புரோட்டீன் இருக்கு, அது ரத்த அணுவக் கட்ட வெக்கும், அதனால குரூப்புக்கு ஒத்துக்காத லெக்டின் இருக்கறத தின்னா உள்ள ரத்தம் கட்டிக்கும்னு பயமுறுத்தறாங்க. லெக்டின் ரத்தத்தக் கட்டறது உண்மை, நானே தெனம் பாத்திருக்கேன். எதுல தெரியுமா? நம்ம கொள்ளுல! ஏ குரூப்லயே ஏ1, ஏ2ன்னு பிரிக்க லேப்ல வெச்சிருக்கற மருந்தே கொள்ளு விதைல இருந்து எடுத்த சாறுதான், ஏ1 ரத்தத்துல ஒரு சொட்டு விட்டா கண் முன்னாடி கட்டிக்கும். அப்படிப் பாத்தா பொள்ளாச்சில இருந்து சித்தூர் வரைக்கும் கொள்ளு திங்கற ஏ1-காரங்க ஒருத்தரும் மிஞ்சியிருக்கக் கூடாதே. டைல்ல விடறது பச்சைச் சாறு, அதுவும் நேரா ரத்தத்துல. நீங்க குக்கர்ல விசில் விட்டு வேக வெச்சா லெக்டின்ல பெரும்பகுதி செத்துப்போயிடும். உங்க அத்தைகிட்ட எத்தன வருஷமா கொள்ளு ரசம் குடிக்கறீங்கன்னு கேட்டுப் பாருங்க.

2014ல கனடால டொரண்டோ யுனிவர்சிட்டில 1455 பேர வெச்சு இத சோதிச்சுட்டாங்க. காய்கறி தானியம்னு இருக்கற அந்த "ஏ டயட்" சாப்பிட்டவங்களுக்கு எடையும் பிபியும் நல்லா இருந்துச்சு, ஆனா அவங்க ஏ-வா ஓ-வா பி-யாங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, எந்த குரூப்பா இருந்தாலும் அதே பலன்தான். அதனாலதான் ஜிம்ல நாலு பேர் எனக்குக் கேட்டுச்சுன்னு சத்தியம் பண்றாங்க. பரோட்டாவ நிறுத்துனா யாருக்குத்தான் கேக்காது.

குரூப்புக்கும் உடம்புக்கும் ஒட்டே இல்லன்னு சொல்ல மாட்டேன். ஓ-காரங்களுக்கு ரத்தம் உறைய வெக்கற ஒரு பொருள் கொஞ்சம் கம்மி, அதனால கால் நரம்புல ரத்தம் கட்டறது மத்தவங்களவிடக் கம்மி, வயித்துப் புண்ணு கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா இதுல எங்கயும் கோதுமை வரல பாருங்க.

இப்ப பக்கத்து வீட்டு அக்காவுக்கு. ஆளாளுக்கு இந்த ஜீன் ரெண்டு காப்பி, அம்மாகிட்ட ஒண்ணு, அப்பாகிட்ட ஒண்ணு. உங்க அத்தைகிட்ட ஏ-வும் கூட ஒரு ஓ-வும் இருக்கு, ஏ இருந்தா ஓ வெளில தெரியாது. மாமாகிட்ட பி-யும் ஒரு ஓ-வும். ரெண்டு பேரும் ஒளிஞ்சிருந்த ஓ-வயே குடுத்தா புள்ள ஓ, நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, சர்வ சாதாரணம். அந்தப் புத்தகக் கணக்குப்படி பாத்தா உங்க அத்தையும் பாதி வேட்டைக்காரிதான், வாரத்துல மூணு நாள் அவங்களுக்கும் கோழி போடுங்க! சிரிக்காதீங்க, ஒருத்தர் என் லேப்புக்கே வந்து, "மேடம், ஏ-ன்னா மீன்கறிய விடச் சொல்றாங்க, ரிப்போர்ட்ல ஓ-ன்னு மாத்தி எழுதிக் குடுங்க"ன்னு கேட்டார். நாளைக்கு ஆக்சிடென்ட் ஆகி ரத்தம் ஏத்தறப்ப தெரியும்னேன், போயிட்டார்.

"பொண்ணு பாத்திருக்கோம், ரெண்டு பேரும் ஒரே ப்ளட் குரூப், கல்யாணம் பண்ணலாமா?" – மீனாட்சிபுரம்

தாராளமா. பொண்ணு நெகட்டிவ், பையன் பாசிட்டிவ்னா மட்டும் மொத கர்ப்பத்துலயே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. பொறக்கற கொழந்த பாசிட்டிவ்னா 72 மணி நேரத்துக்குள்ள அம்மாவுக்கு ஆன்டி-டி ஊசி போடணும், அவங்க உடம்பு பாசிட்டிவ் ரத்தத்த எதிர்க்கப் பழகாம அது தடுக்கும், அடுத்த கொழந்தைக்கு அது காவல்.

"தம்பிக்கு சிக்கிள் செல் இருக்கு. பீட்ரூட், முருங்கைக்கீரை நெறைய குடுத்தா மாறுமா?" – அகளி

மாறாது சாமி. இது சிவப்பணு அரிவாளாட்டம் வளைஞ்சுபோற நோய், ஹீமோகுளோபின் ஜீன்லயே ஒரு எழுத்து மாறிப்போனது, அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த ஜீன் வந்திருக்கு. கீரை நல்லது, குடுங்க, ஆனா இது இரும்புச்சத்து கம்மியானதால வந்த சோகை இல்ல, கடைல இரும்பு மாத்திரைய நீங்களா வாங்கிக் குடுத்துடாதீங்க. டாக்டர் குடுக்கற ஃபோலிக் ஆசிட் மாத்திரைய விடாதீங்க. தண்ணி நெறைய குடிக்கணும், மலைக் குளிர்ல ஸ்வெட்டர் இல்லாம வெளிய விடக் கூடாது, காய்ச்சல்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி. நீங்களும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிக்கங்க. உங்களுக்கு ஒண்ணுமே தெரியாம கேரியரா, அதாவது அந்த ஜீன் ஒரு காப்பி மட்டும் இருக்கறவங்களா இருக்கலாம், கட்டிக்கப் போறவங்களும் கேரியரா இருந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு நோயோட பொறக்க வாய்ப்பு இருக்கு.

"பால் குடிச்சா வயிறு கடகடங்குது, ஆனா தயிர் ஒண்ணும் பண்ணறதில்ல. என் குரூப் பி. பி-க்கு பால் ஒத்துக்கும்னுதானே சொல்றாங்க?" – கோவிந்தாபுரம்

சாப்பாட்டுக்கும் ஜீனுக்கும் சம்பந்தம் இருக்கான்னு கேட்டா இத கேளுங்க, இதுதான் அசல். பால்ல இருக்கற லாக்டோஸ்ங்கற சர்க்கரைய உடைக்க லாக்டேஸ்னு ஒரு என்சைம் வேணும், தாய்ப்பால் மறந்தப்புறம் முக்கால்வாசிப் பேருக்கு அது கொறஞ்சுடும். வடக்கு ஐரோப்பால பெரும்பாலானவங்களுக்கு அது கொறையாம வெக்கற ஜீன் மாத்தம் இருக்கு, தென்னிந்தியால கொஞ்சப் பேருக்குத்தான். அந்த ஜீன் ரெண்டாவது குரோமோசோம்ல, ப்ளட் குரூப் ஒன்பதாவதுல, ஒண்ணுக்கு ஒண்ணு வழிப்போக்கன் உறவுகூடக் கெடையாது. ஒறை ஊத்துனா பாக்டீரியாவே லாக்டோஸ்ல ஒரு பங்கத் தின்னுடும், அதான் தயிர் மோர்னா உங்க வயிறு பேசறதில்ல. ராத்திரி ஒரு சொம்புப் பால ஒரே மூச்சுல குடிக்கறத விடுங்க. டீக்கு ஊத்தற பால் ஒண்ணும் பண்ணாது, காலைல கடை டீயத் தாராளமா குடிங்க.