மருந்தை மறுப்பவருக்கு நீதிமன்றம் சிகிச்சை விதிக்குமா?

மருந்தை நிறுத்தியதால் உளநோய் முற்றிவரும் உங்கள் தம்பி மட்டக்களப்பில் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறுமாறு நீதிமன்றக் கட்டளை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியூயோர்க் மாநிலத்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது இயலும். இலங்கையிலோ 1873ஆம் ஆண்டின் உளநோய்கள் கட்டளைச் சட்டம், 1956இல் திருத்தப்பட்ட பின்னரும், ஒருவரை வைத்தியசாலையில் சேர்ப்பதையும் தடுத்து வைப்பதையும் பற்றியே பேசுகிறது. நீதிமன்றக் கட்டளையால் தடுத்து வைப்பதென்றாலும் மாவட்ட நீதிமன்றம் மருத்துவச் சான்றை ஆராய வேண்டும். பழைய சட்டம் என்பதே அதன் பெருங்குறை என்பேன். வீடு திரும்பியவர் மாத்திரையை நாக்கின் அடியில் ஒதுக்கிவைத்து, வளவு வாழையடியில் துப்பினால் அதைத் தடுக்க அதில் வழியில்லை. ஆகவே கிளினிக் கொப்பியுடன் நீங்களாவது போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் சென்று, மாதமொருமுறை போடும் ஊசி அவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அவசரமெனில் தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926ஐ அழையுங்கள்.