அதிகூடிய புள்ளியையும் அதிகுறைந்த புள்ளியையும் நீக்கிய பிறகும் ஃபிகர் ஸ்கேற்றிங் நடுவர் ஒருவர் முடிவை மாற்ற முடியுமா? பக்கச்சார்பை எப்படி நிறுவுகிறார்கள்?

மாற்ற முடியும். யாழ்ப்பாணத்தில் கணிதம் கற்பிக்கும் நான், ரொறன்ரோவில் தங்கை வீட்டில் கழித்த ஒரு குளிர்காலத்தில்தான் பனித்தளத்தில் சறுக்கி ஆடும் இந்த விளையாட்டைப் பார்க்கப் பழகினேன். அன்று முதல் ஒவ்வொரு பெரிய போட்டியின் பின்னரும் வெளியிடப்படும் புள்ளித்தாள்களை வரி வரியாக வாசித்து வருகிறேன்.

ஒலிம்பிக்கில் ஒன்பது நடுவர்கள் ஒவ்வொரு பாய்ச்சலின் தரத்துக்கும் -5 முதல் +5 வரை புள்ளியிடுவார்கள். ஒரு பாய்ச்சலுக்கு ஆறு பேர் 3, ஒருவர் 2, ஒருவர் 4 இட, சார்புள்ள ஒருவர் 5 இடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 5உம் 2உம் நீங்க, எஞ்சிய ஏழின் சராசரி 3.14. அவர் நேர்மையாக 3 இட்டிருந்தால் 4உம் 2உம் நீங்கி, சராசரி சரியாக 3 ஆகியிருக்கும். அவருடைய 5 கணக்கில் சேரவில்லை. ஆனால் நீங்கியிருக்க வேண்டிய 4ஐ அது உள்ளே தங்க வைத்துவிட்டது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அதன் கடினத்துக்கேற்ப முன்கூட்டியே குறித்த அடிப்படைப் பெறுமதி உண்டு; தரப்புள்ளி ஒன்று அதில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே 5.90 அடிப்படைப் பெறுமதியுள்ள, லட்ஸ் என்ற வகைப் பாய்ச்சலை மூன்று சுழற்சியோடு செய்தால் இது ஏறத்தாழ 0.08 புள்ளி. சிறிய தொகைதான், ஆனால் ஓர் ஆட்டம் முழுவதும் அது சேர்ந்துகொண்டே போகும்.

ஆகவே ஆராய்பவர்கள் ஒரு நடுவரின் புள்ளியை மற்ற எட்டுப் பேரின் சராசரியோடு ஒப்பிட்டு, அந்த வித்தியாசத்தைப் பல போட்டிகளில் தொடர்ந்து பார்க்கிறார்கள். எல்லோருக்கும் தாராளமாக இடுபவரைச் சார்புடையவர் என்று சொல்வது அநியாயம். தன் நாட்டவருக்கு மட்டும் மேலேயும், அவரோடு பதக்கத்துக்குப் போட்டியிடுபவருக்குக் கீழேயும் அவருடைய புள்ளிகள் திரும்பத் திரும்பச் சாயும்போதுதான் குற்றச்சாட்டுக்கு வலு வருகிறது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கின் பின்னர் இரண்டு சீன நடுவர்களைச் சர்வதேச ஸ்கேற்றிங் சங்கம் இடைநிறுத்தியது தம் நாட்டவருக்குச் சார்பாகப் புள்ளியிட்டதற்காகவே.

இந்த ஆய்வுக்கு, எந்தப் புள்ளி யாருடையது என்பது தெரிய வேண்டும். 2002 சோல்ட் லேக் சிற்றி ஒலிம்பிக்கில், இணையர் பிரிவில், பிரெஞ்சு நடுவர் அழுத்தத்துக்கு உட்பட்டார் என்ற சர்ச்சையால் கனடிய இணைக்கும் தங்கப்பதக்கம் வழங்கப்பட்டு, அதிகபட்சம் 6.0 என்று புள்ளியிடும் பழைய முறையும் பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் நடுவர்களை அழுத்தத்திலிருந்து காப்பதாகச் சொல்லி, புள்ளிகளுக்கு உரிய பெயர்களை மறைத்தார்கள். 2014இல் சோச்சி ஒலிம்பிக்கின் பெண்கள் பிரிவில் ரஷ்யாவின் சொட்னிகோவா 224.59, தென் கொரியாவின் கிம் யுனா 219.11 என்று முடிவு வந்தபோது எழுந்த விவாதம் இன்றும் தீராததற்கு அந்த மறைப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 2016இல்தான் அது நீக்கப்பட்டது. இங்கே ஒரு பாடசாலை நடனப் போட்டியில் நான் புள்ளிகளைக் கூட்டிக்கொடுத்தபோது மொத்தம் மட்டுமே வாசிக்கப்பட்டது. தோற்ற பிள்ளையின் தாய் தாளைக் கேட்டும் காட்டவில்லை. அந்தத் தாயின் முகம் இன்னும் நினைவில் நிற்கிறது.

புள்ளித்தாளை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சுழற்சி நிறைவுபெற்றதா என்பதைத் தீர்மானிப்பது நடுவர்கள் அல்ல, தனியான தொழில்நுட்பக் குழு. கால் சுற்றுக்கு மேல், ஆனால் அரைச் சுற்றுக்கு உட்பட்டுக் குறைந்ததென்று அவர்கள் குறித்தால் அடிப்படைப் பெறுமதியில் 80 வீதமே கிடைக்கும்; அந்த லட்ஸ் பாய்ச்சலில் அது மட்டுமே 1.18 புள்ளி இழப்பு.