பாதிரியார்கள் எந்தப் பக்கம்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சுப் புரட்சி பற்றி நண்பர் ஒருவருடன் பெரிய விவாதம். திருச்சபை எப்போதுமே அதிகாரத்தின் பக்கம்தான், அதை உடைக்காமல் புரட்சியே கிடையாது, மேற்கு பிரான்சின் வாண்டேயில் விவசாயிகள் புரட்சிக்கு எதிராகக் கிளம்பியது வெறும் மதவெறி என்கிறார். என்னால் ஏற்க முடியவில்லை, பதில் சொல்லவும் தெரியவில்லை. புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர்தான் தேவாலயங்களை மூடவைத்தார் என்பது உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வது ஆயர்களுக்குப் பொருந்தும். 1789ல் பிரான்சின் ஆயர்கள் அநேகமாக எல்லாருமே பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆனால் ஆயர்கள் மட்டுமா திருச்சபை? கிராமத்துப் பங்குத்தந்தைகள் பலருக்குக் கைக்கு வந்தது ஆண்டுக்கு 700 லீவர்தான் (லீவர் அந்தக் காலத்துப் பிரெஞ்சு நாணயம்). அவர்கள் ஊர் கட்டிய தசமபாகம் என்ற திருச்சபை வரி மடங்களுக்கும் மேலிடத்துக்கும் போனது. அந்தக் கோபத்தோடுதான், குருக்கள், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று பிரிவினரையும் அரசர் கூட்டிய சபைக்காக வெர்சாய்க்கு வந்தார்கள். குருக்கள் தரப்பில் வந்த ஏறக்குறைய 300 பிரதிநிதிகளில் 200 பேருக்கு மேல் இந்தச் சாதாரணப் பாதிரியார்கள். ஜூன் 13 அன்று ப்வாத்து பகுதியைச் சேர்ந்த மூன்று பேர் தங்கள் தரப்பை விட்டுவிட்டு மூன்றாம் பிரிவினரான பொதுமக்கள் பிரதிநிதிகளோடு போய்ச் சேர்ந்தார்கள், அடுத்தடுத்த நாட்களில் இன்னும் பலர். பாஸ்டில் சிறைக்கோட்டை விழ அப்போது இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அந்தப் ப்வாத்துவின் ஒரு பகுதிதான் பின்னால் வாண்டே ஆனது. நான்கே ஆண்டுகளில் அங்கே என்ன நடந்தது என்று கேட்காமல் மதவெறி என்று முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தசமபாகம் போனது, திருச்சபைச் சொத்து முழுவதும் நாட்டுடைமை ஆனது (அதை முன்மொழிந்த தாலிராந்தே ஓர் ஆயர்). பெரும்பாலான பாதிரியார்கள் இதையெல்லாம் சகித்துக்கொண்டார்கள், சம்பளமும் 1200 லீவருக்குக் குறையாமல் கிடைக்கவிருந்தது. சிக்கல் 1790 ஜூலையில் வந்த சட்டத்தில். மறைமாவட்டங்களை 83ஆகக் குறைத்தார்கள், ஆயரையும் பங்குத்தந்தையையும் இனி வாக்காளர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்றார்கள், அந்த வாக்காளர் புராட்டஸ்டண்டாகவும் இருக்கலாம். போப்பையும் கேட்கவில்லை, குருக்கள் தங்களுக்குள் கூடிப் பேசவும் விடவில்லை. அப்புறம் நவம்பரில், இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழி எடு, இல்லையென்றால் பதவியை விடு என்று ஆணை.

எடுக்கவேண்டிய இடத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், கோவிலுக்குள்ளேயே, ஊராட்சிக்காரர்களும் சனங்களும் பார்த்துக்கொண்டிருக்க. அந்த ஊரில் ஞானஸ்நானமும் கல்யாணமும் சாவும் நடத்திவைத்த மனிதர் அத்தனை பேர் முகத்துக்கு முன்னால் தேசமா போப்பா என்று சொல்லியாக வேண்டும். ஆன்மிக விஷயங்கள் நீங்கலாக என்று ஒரு வரி சேர்த்துச் சிலர் தப்பிக்கப் பார்த்தார்கள், அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பங்குத்தந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் எடுத்தார்கள், ஆயர்களில் ஏழே பேர். வாண்டேயில் மறுத்தவர்களே மிக அதிகம். அவர்களை வெளியேற்றிவிட்டு யாரோ ஒருவரைக் காவல்படையோடு கூட்டிவந்து, இவர்தான் உங்கள் சாமியார் என்றால் ஊர் ஒத்துக்கொள்ளுமா? போப்பும் எட்டு மாதம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு 1791 மார்ச்சில்தான் சட்டத்தைக் கண்டித்தார். அந்தத் தாமதத்தையும் நான் மன்னிக்க மாட்டேன்.

இந்தப் புண்ணின் மேல்தான் 1793ல் மூன்று லட்சம் பேரைப் படைக்குத் திரட்டும் ஆணை விழுந்தது. கலகம் வெடித்தது, மஷ்கூல் என்ற ஊரில் கலகக்காரர்கள் குடியரசுக்காரர்களைக் கொன்று குவித்தார்கள், மறு ஆண்டு குடியரசின் படைகள் ஊர் ஊராக எரித்தன. இரண்டையும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் கூட இருந்தவனை எதிரியாக்கிக்கொண்டது புரட்சிதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரோபெஸ்பியர் விஷயம் தவறு. 1793 நவம்பரில் கோவில்களை மூடும் வேகத்தை அவர் வெளிப்படையாக எதிர்த்தார், நாத்திகம் பிரபுத்தனமானது என்றே பேசினார்.

உங்கள் நண்பரிடம் கிரகுவார் என்ற பாதிரியாரைப் பற்றிச் சொல்லுங்கள். முதலில் உறுதிமொழி எடுத்தவர்களில் ஒருவர், யூதர்களின் உரிமைக்கும் அடிமைமுறை ஒழிப்புக்கும் போராடியவர், குடியரசுக்காரர். அதே நவம்பரில் பாரிஸ் ஆயர் கோபெல் தேசிய மன்றத்தில் பதவியைத் துறந்தபோது, இவரையும் துறக்கச் சொல்லிக் கத்தினார்கள், முடியாது என்றார். 1831ல் சாகக் கிடந்தவரிடம், அந்தப் பழைய உறுதிமொழியைத் திரும்பப் பெற்றால்தான் கடைசி அருட்சாதனம் என்றார் பாரிஸ் பேராயர். அதற்கும் முடியாது என்றார். இவரை எந்தப் பக்கத்தில் சேர்ப்பார் உங்கள் நண்பர்? பதில் வந்தால் எழுதுங்கள்.