இதயத்தைப் படமெடுக்கும் ஆராய்ச்சி: கேள்விகளும் பதில்களும்

இதய சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை வைத்து ஆராய்ச்சி செய்கிற கதிரியக்க மருத்துவர் நான். படம் எப்படி எடுக்கிறோம், அதிலிருந்து நோயைப் பற்றி என்ன தெரிகிறது என்று கேளுங்கள். சொந்த ரிப்போர்ட்டை வைத்து "இது ஆபத்தா" என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். இப்போது நெஞ்சுவலி இருப்பவர்கள் படிப்பதை நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள்.

கே: மேடம், என் சித்தப்பாவுக்கு ஆஞ்சியோ எடுத்து "பெரிய அடைப்பு ஒன்றும் இல்லை" என்றார்கள். அடுத்த வருஷமே மாரடைப்பு. ஆஞ்சியோவே தப்பா?

தப்பில்லை. ஆஞ்சியோவில் டை ஓடுகிற பாதை மட்டும்தான் தெரியும், குழாயின் சுவர் தெரியாது. கொழுப்பு படிவதோ சுவருக்குள். 1987ல் கிளாகோவ் குழுவினர் இறந்தவர்களின் இதயக் குழாய்களைக் குறுக்காக வெட்டி அளந்தார்கள். படிவு சேரச் சேர, குழாய் வெளிப்பக்கமாகப் பருத்து இடம் விடுகிறது. குழாயின் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைப் படிவு பிடிக்கும்வரை ரத்தம் ஓடும் பாதை அவ்வளவாகச் சுருங்குவதில்லை. அதுவரை ஆஞ்சியோ படம் சுத்தமாகத்தான் இருக்கும்.

2011ல் வெளிவந்த பிராஸ்பெக்ட் ஆய்வு இதை உயிரோடு இருப்பவர்களிடமே காட்டியது. மாரடைப்போ அதையொட்டிய பிரச்சினையோ வந்த 697 பேருக்கு, காரணமான அடைப்பைச் சரிசெய்தார்கள். பிறகு குழாய்களுக்குள் நுண்ணிய அல்ட்ராசவுண்ட் கருவியை விட்டுச் சுவரைப் படமெடுத்து, மூன்று வருஷத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். மறுபடி வந்த பிரச்சினைகளில் ஏறக்குறைய பாதி, முதலில் கைவைக்காத இடங்களிலிருந்து வந்தவை. அந்த இடங்களில் ஆரம்பத்தில் ஆஞ்சியோ காட்டிய அடைப்பு சராசரியாக 32 சதவீதம்தான்.

அதனால்தான் நாங்கள் இப்போது "எத்தனை சதவீதம்" என்பதோடு நிற்பதில்லை. படிவு எப்படிப்பட்டது என்று பார்க்கிறோம். உள்ளே மெத்தென்ற கொழுப்பு, மேலே 65 மைக்ரானுக்கும் மெல்லிய மூடி என்றால் அது கிழியக்கூடிய ரகம். அவ்வளவு மெல்லிய மூடி சி.டி.க்கு எட்டாது. குழாய்க்குள் விடும் ஓ.சி.டி. என்கிற ஒளிக்கருவிக்கு எட்டும். ஆனால் படிவின் உட்புறம் கொழுப்பா சுண்ணாம்பா என்று சி.டி. ஓரளவு பிரித்துக் காட்டிவிடும்.

கே: சி.டி. சிறந்ததா, எம்.ஆர்.ஐ. சிறந்ததா?

குழாயைப் பார்க்க சி.டி., தசையைப் பார்க்க எம்.ஆர்.ஐ.

கே: மருத்துவ மாணவன் நான். எம்.ஆர்.ஐ.யில் பழைய மாரடைப்பின் தழும்பு வெள்ளையாகத் தெரிவது எப்படி?

நல்ல கேள்வி, தம்பி. கடோலினியம் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டுப் பத்து நிமிஷம்போலக் காத்திருக்கிறோம். அந்த மருந்து செல்லுக்குள் நுழையாது, செல்களுக்கு நடுவிலேயே நிற்கும். நல்ல தசையில் செல்கள் நெருக்கமாக இருப்பதால் மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். தழும்பில் செல் செத்து நார்தான் மிச்சம். இடைவெளி அதிகம், மருந்து தங்கிவிடும்; தங்கிய இடம் படத்தில் வெள்ளையாகப் பளிச்சிடும். பிறகு நல்ல தசையின் சிக்னல் சரியாகப் பூஜ்யத்துக்கு வந்து அது கறுப்பாகத் தெரியும் கணத்தில் படமெடுக்க வேண்டும். கணம் பிசகினால் தசை சாம்பல் நிறமாகி, சின்னத் தழும்பு மறைந்துபோகும்.

வெள்ளை எங்கே இருக்கிறது என்று பார். மாரடைப்புத் தழும்பு எப்போதும் தசையின் உள்விளிம்பில் ஆரம்பித்து வெளியே பரவும், ஏனென்றால் ரத்தம் குறைந்தால் முதலில் சாவது அந்த விளிம்பு. உள்விளிம்பைத் தொடாமல் நடுத்தசையிலோ வெளிவிளிம்பிலோ மட்டும் வெள்ளை இருந்தால், தசை அழற்சி போன்ற வேறு நோயைத் தேடு.

கே: என் கால்சியம் ஸ்கோர் 180. பயப்பட வேண்டுமா?

கால்சியம் ஸ்கோர் என்பது இதயக் குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பை சி.டி.யில் அளந்து சொல்லும் எண். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் தெரியாமல் ஒற்றை எண்ணுக்குப் பொருள் இல்லை.

கே: கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டால் கால்சியம் ஸ்கோர் ஏறுகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. அப்படியென்றால் மாத்திரை குழாயைக் கெடுக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஸ்கோர் ஏறுவது உண்மை. உங்கள் முடிவு தவறு. 1990ல் அகாட்ஸ்டன் குழு கொண்டுவந்த கணக்கைப் பாருங்கள். சி.டி.யில் 130 ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு (சி.டி.யின் அடர்த்தி அலகு) மேல் பளிச்சிடும் புள்ளிகளின் பரப்பை எடுத்து, அடர்த்திக்கு ஏற்றபடி 1 முதல் 4 வரை பெருக்குவார்கள். அதே அளவு சுண்ணாம்பு இன்னும் இறுகினால் ஸ்கோர் கூடும். ஆனால் அமெரிக்காவின் மெசா ஆய்வில் தெரிந்தது வேறு: ஒரே அளவு சுண்ணாம்பு இருப்பவர்களில், அது அடர்த்தியாக இருந்தவர்களுக்கு ஆபத்து குறைவு. ஸ்டாட்டின் மெத்தென்ற படிவை இறுகவைக்கிறது; பச்சைப் புண் காய்ந்து பக்கு கட்டுவது மாதிரி. எண் ஏறுகிறது, கிழியும் வாய்ப்பு இறங்குகிறது.

கே: (அதே அன்பர்) எண் ஏறினாலும் நல்லது, இறங்கினாலும் நல்லது என்றால் எதை வைத்துத்தான் நம்புவது?

மாரடைப்புகளை எண்ணுங்கள். படம் ஒரு இடைநிலைத் தகவல்தான். ஸ்டாட்டினை நாங்கள் நம்புவது ஸ்கோரை வைத்து அல்ல. சீட்டுக் குலுக்கினாற்போல இரண்டாகப் பிரித்த ஆயிரக்கணக்கானவர்களில், மாத்திரை சாப்பிட்ட பக்கம் மாரடைப்பும் சாவும் குறைந்ததை வைத்து.

கே: (வேறொருவர்) மாத்திரை இல்லாத காலத்தில் இதய நோயே இல்லையே. எல்லாம் நவீன வாழ்க்கையின் விளைவு.

பாதிதான் சரி. 2013ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வில், எகிப்து, பெரு உட்பட நான்கு பகுதிகளின் 137 மம்மிகளை சி.டி.யில் படமெடுத்தார்கள். 47 பேரின் குழாய்ச் சுவரில் படிவு இருந்தது, அல்லது இருந்திருக்கலாம் என்று முடிவுசெய்தார்கள். ஆக, நோய் பழசுதான். உங்கள் பக்கமும் ஆதாரம் உண்டு: 2017ல் பொலிவியாவின் அமேசான் காட்டு சிமானே மக்கள் 705 பேரைப் படமெடுத்தபோது, 85 சதவீதத்தினருக்குக் கால்சியம் ஸ்கோர் பூஜ்யம். நாள் முழுக்க உடலுழைப்பு, குறைந்த கொலஸ்ட்ரால், அரிதான புகைபிடிப்பு. அவர்கள் ரத்தத்தில் அழற்சியின் அறிகுறிகள் அதிகம், ஆனாலும் குழாய்கள் சுத்தம். எனக்கு இன்றைக்கும் வியப்பு தருகிற விஷயம் இது.

கே: (ஸ்டாட்டின் பற்றிக் கேட்ட அன்பர்) அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிட்டு அவர்கள் மாதிரி வாழ்ந்தால் போதுமே?

பிறந்ததிலிருந்து அப்படி வாழ்ந்தவர்களின் படம் அது. ஏற்கெனவே படிவு உள்ளவர் இன்று மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. தயவுசெய்து யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். இந்த வாதத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

கே: என் ஸ்கோர் 40. என் அம்மாவுக்கு 310. யாருக்கு...

மேலே 180க்குச் சொன்னதேதான்.

கே: கோவிட் வந்தவர்களின் இதயத்தில் பாதிப்பு என்று எம்.ஆர்.ஐ. காட்டியதே, உண்மையா?

2020ல் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வந்த ஆய்வு, குணமான 100 பேரில் 78 பேரின் எம்.ஆர்.ஐ.யில் மாறுதல் என்றது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. பிறகு அதன் எண்களில் திருத்தம் வெளியானது. அடுத்த வருஷம் லண்டனில் 149 மருத்துவப் பணியாளர்களைப் பார்த்தார்கள். லேசாகக் கோவிட் வந்துபோன 74 பேரும், அதே வயதுடைய வராத 75 பேரும். ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. இந்த ஆய்வுகளில் பார்க்கும் டி1 என்கிற எம்.ஆர்.ஐ. தசை அளவு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். அதனால் எந்த ஆய்வைப் படித்தாலும் முதலில் ஒப்பீட்டுக் குழுவைத் தேடுங்கள்: அவர்கள் யார், அதே இயந்திரத்தில் எடுத்தார்களா?

கே: கதிர்வீச்சு?

கால்சியம் ஸ்கேனுக்குச் சுமார் 1 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து நாம் வருஷத்துக்கு வாங்குவது உலக சராசரியில் 2.4. எம்.ஆர்.ஐ.யில் இந்தக் கதிர்வீச்சு கிடையாது.

கே: இவ்வளவு படமெடுத்து யாராவது பிழைத்திருக்கிறார்களா?

ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான பரிசோதனை, மறுபாதிக்கு அதோடு சி.டி. ஆஞ்சியோவும் (டை ஏற்றி எடுக்கும் சி.டி.; சாதாரண ஆஞ்சியோ போலன்றி இதில் குழாய்ச் சுவரும் தெரியும்). ஐந்து வருஷத்தில் இதய நோயால் இறந்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் சேர்ந்து, சி.டி. இல்லாத பக்கம் 3.9 சதவீதம், சி.டி. எடுத்த பக்கம் 2.3. கடைசிக் கணக்கில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் ஸ்டென்ட், பைபாஸ் நடந்திருந்தது. வித்தியாசம் மாத்திரையில்: சுவரில் படிவைப் பார்த்ததும் கூடுதல் பேருக்குத் தடுப்பு மருந்து ஆரம்பித்தார்கள்.

கே: மேடம், என் ஸ்கோர் ஜீரோ, ஆனால் நடந்தால் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது. விட்டுவிடலாமா?

கூடாது. சுண்ணாம்பு சேராத மெத்தென்ற படிவு அந்த ஸ்கேனில் தெரியாது. இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதும் வலித்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.